எட்டு வாரமும் பச்சை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மனைவியின் தாய்மாமன் எழுதுவது. குழந்தை சுகம். ஐந்து கிலோ. எடை போட்ட நர்ஸம்மாவே, என் சர்வீசில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார்.

போனில் சொல்ல நாக்கு எழவில்லை. எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கடைசிவரை படியுங்கள்.

பிரசவம் முடிந்து வரும்போது ஆஸ்பத்திரியில் அவள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார்கள். தாயின் மனசு எப்படி இருக்கிறது என்று வாராவாரம் பத்துக் கேள்வி வரும். எட்டாவதுவரை படித்தவன்தான் நான். ஆனால் பக்கத்து வீட்டு இன்ஜினியரே என்னிடம் போனைக் கொடுத்துத்தான் சரிசெய்துகொள்வார். அவளோ படுத்தே கிடந்தாள். ஆகவே நானே பதில் போட்டேன். சிரிக்க முடிகிறதா? எப்போதும்போல. காரணமில்லாமல் அழுகிறீர்களா? இல்லவே இல்லை. நம் வீட்டுப் பெண்ணை யாரும் மட்டமாக நினைத்துவிடக் கூடாதே. எட்டு வாரமும் எல்லாம் நலம் என்று பச்சை நிறம்தான் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் எல்லோரிடமும் காட்டினேன். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா என்பது. அதை முழுசாகப் படிக்கவே மாட்டேன். 'ஒருபோதும் இல்லை'யை அழுத்திவிடுவேன்.

செவ்வாய் மதியம் என் வீட்டுக்காரி, உங்கள் அத்தை, துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது, உங்கள் மனைவி கைப்பிடிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். குழந்தையைக் கீழே கட்டிலில் படுக்கவைத்து, நாலு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அத்தைதான் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். நான் காப்பாற்றியதாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய்.

ஆஸ்பத்திரியில் தலைசுற்றல் என்று சொல்லிச் சேர்த்தேன். டாக்டரம்மா ஆப்பைப் பார்த்துவிட்டு, மனசெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, உடம்பு அசதிதான், வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்கிறார். பதிலெல்லாம் அவளே போட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். யார் கேட்டாலும் வாய் திறப்பதில்லை. டாக்டரம்மா போன பிறகு, திரும்பாமலே சொன்னாள்:

"என்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கலாம் மாமா. அப்ப சொல்லியிருப்பேன்."

மாப்பிள்ளை, நூறு பேர் நடுவில் வாய் கிழியப் பேசுகிறவன் நான். டாக்டரம்மா அறை வாசல்வரை மூன்று முறை போய்த் திரும்பிவிட்டேன். இன்றைக்கே வியாழன். டாக்டரம்மா நம்பரையும் இதோடு அனுப்புகிறேன். நீங்கள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அவளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். லீவு தந்தாலும் தராவிட்டாலும் புறப்பட்டு வாருங்கள். என்னைத் திட்டுவதை வந்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள் என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். நன்றாக இருப்பதெல்லாம் பிறகு. முதலில் அவள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமன்