கேட் குரூப்புக்குப் போன பதினான்கு நிமிடம்

ஜூலை 9, புதன்

விடியும்போதே தூறல். கடல் காற்று. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் போய்வந்ததில் ஒரு நாள் காலி. குடிக்காமல் 31-ம் நாள்.

முன்பு ரெண்டு இடம் பார்த்தாயிற்று. மனநல டாக்டர்: முதலில் குடியை விடுங்கள், கனவை அப்புறம் பார்க்கலாம். குடியை விடவைக்கும் இடத்தில்: பட்டாளத்துக் கதை இங்கே வேண்டாம், குடியை மட்டும் பேசுங்கள். டோக்கனோடு ரெண்டு கவுண்டருக்கும் நடுவே நின்றதுதான் மிச்சம். இந்தத் திருவள்ளூர் டாக்டரம்மா ரெண்டையும் ஒன்றாகவே கேட்கிறார்.

வீட்டுப்பாடம்:
1. அந்தக் காலையைக் கண்ணை மூடிச் சொல்ல வேண்டும். நடந்தது என்று இல்லை, நடக்கிறது என்று.
2. போனில் பதிந்து அவருக்கு அனுப்ப வேண்டும். நானும் தினம் ஒரு தடவை கேட்க வேண்டும்.
3. பயம் எத்தனை, குடி ஆசை எத்தனை. நூற்றுக்கு மார்க்.
மாத்திரை தனி.

ஐம்பது வயதில் ஹோம்ஒர்க்கா என்று கலா சிரித்தாள். என் பெண்டாட்டி சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

ஜூலை 10, வியாழன்

ஆலை கேட்டில் காவல், காலை ஷிப்ட். மழை விட்டது. உருக்காலைப் புகை எழும்பாமல் தரையோடு படுத்துக் கிடந்தது. லாரிகள் அதற்குள்ளிருந்து மெல்ல, சத்தமே இல்லாமல் வந்தன. கொஞ்ச நேரம் எந்த ஊரில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. நன்றாகக்கூட இருந்தது. உள்ளே பழைய இரும்பைக் கொட்டினார்கள். உடம்பு தானாகக் குனிந்தது. பயம் 70, ஆசை 60.

டேனியல் டீ கொண்டுவந்தான். அவன் ரெண்டாம் கேட் காவல். யாக்கோபின் தம்பி. யாக்கோபு என்னோடு பட்டாளத்தில் இருந்தவன், ஊத்துக்கோட்டைப் பக்கம். பத்தொன்பது வருஷத்துக்கு முன் மலைப்பாதையில் வண்டி கண்ணிவெடியில் சிக்கிச் செத்தான். டேனியலுக்கு இந்த வேலை நான் வாங்கிக் கொடுத்தது. நான் அவனுக்கு இன்னொரு அண்ணன் என்று ஆலை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறான். அவன் போனதும் டீயை மண்ணில் ஊற்றினேன்.

மத்தியானம் வீட்டில் பதிவு. 6 நிமிடம். ஒரு இடம் வந்ததும் தாண்டிக் குதித்துவிட்டேன். அனுப்பவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஷிப்ட் முடிந்து வீடு. கலா கம்பெனிக்குப் போயிருந்தாள். ஃபேன் சத்தம் மட்டும். இன்று சொல்லிவிட்டேன், முழுசாக.

சாயங்காலம் ரம் கொடுக்கிறார்கள். யாக்கோபு தொடமாட்டான். அவன் பங்கும் எப்போதும் எனக்குத்தான். விடிகிறது. தலை தூக்க முடியவில்லை. வண்டியில் போகவேண்டிய முறை என்னுடையது. யாக்கோபு கம்பளியை இழுத்து என் தோள்வரை மூடுகிறான். "நீ படுண்ணா, நான் போய்ட்டு வந்துடறேன்" என்கிறான்.

14 நிமிடம். அனுப்பினேன். அப்படியே தூங்கிப்போனேன். வருஷக்கணக்கில் அப்படித் தூங்கியதில்லை. கனவில் மலை இருந்தது, பனி இருந்தது, யாருக்கும் அவசரம் இல்லை. பனி எங்கள் தெருக் குழாய் வரை வந்து, குடம் வைத்திருந்த பெண்கள் நகர்ந்து அதற்கு வழி விட்டார்கள்.

எழுந்தபோது மணி 5.40. போனைப் பார்த்தேன். டாக்டரம்மாவுக்குப் போகவில்லை. கேட் காவலர்களின் வாட்ஸாப் குரூப்புக்குப் போயிருக்கிறது.

சூப்பர்வைசர் பழைய சுபேதார். எழுதி அனுப்பினால் நம்பமாட்டார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கேட்டும் குரலில் 'ஆல் ஓகே' அனுப்ப வேண்டும். எட்டு வருஷம் பழகிய விரல், தூக்கக் கலக்கத்தில் தன் வேலையைச் செய்துவிட்டது. குரூப்பில் பதினோரு பேர். எல்லாரும் கேட்டாயிற்று, டேனியலும். அதற்குக் கீழே ஒருவர்: "கேட் மூணு, ஆல் ஓகே சார்."

செருப்பு மாட்டியது நினைவில்லை. ரயில்வே கேட் தாண்டி ஒயின் ஷாப் வரிசை. முன்னால் மூன்று பேர். நின்றபடியே மார்க் போட்டேன். பயம் 95, ஆசை 95. ரெண்டும் ஒரே எண். எனக்கு வேண்டியது சரக்கே இல்லை. நாளைக்கு டேனியல் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். இத்தனை வருஷமும் இதற்குத்தான் குடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பின்னால் நின்றவர், போகிறாயா இல்லையா நைனா என்றார். அவரை முன்னே விட்டு விலகி வந்தேன்.

ராத்திரி கலாவிடம் எல்லாம் சொன்னேன். சோறு போட்டுவிட்டு, நாளைக்கு லீவு மட்டும் போடாதே என்றாள்.

ஜூலை 12, சனி

போனேன். பயம் 100.

டேனியல் எட்டரைக்கு வந்தான். கையில் டீ இல்லை. என் ரிஜிஸ்டரையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"எங்கம்மா பத்தொம்போது வருஷமா கேட்டுக்கினே கீறாங்க, அவன் கடைசியா இன்னா பேசுனான்னு. யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிக்கினு இருந்தோம். உன்னாண்டதான் இருந்துக்கீது."

ரம்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முறை மாறியதைப் பற்றியும் இல்லை. அதற்கெல்லாம் பதில் யோசித்துவைத்திருந்தேன். மன்னிச்சுடு என்றேன்.

"என்னாண்ட சொல்லாதண்ணா. நாளிக்கி ஊட்டுக்கு வா. அம்மாவாண்ட சொல்லு."

அண்ணா என்றான். அதையே பிடித்துக்கொண்டு ஷிப்டை ஓட்டினேன். ஆசை 80. குடிக்கவில்லை. 34-ம் நாள்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். பஸ்ஸில் ஊத்துக்கோட்டை, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் நெல் வயல், கொக்கு. ஆட்டோ இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அம்மா கோயில் முடிந்து வந்து, புடவை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். போனை எடுக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. ரம், என் முறை, கம்பளி, எல்லாம் சொன்னேன். 'நீ படுண்ணா' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்று தடவை சொன்னேன். டேனியல் எழுந்து வெளியே போய்விட்டான்.

அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"சாப்ட்டு போனானா?"

சாப்பிட்டான். நாலு பூரி, உருளைக்கிழங்கு. எனக்கும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்து, ஆறாமலிருக்க மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினான். டாக்டரம்மாவிடம்கூடச் சொல்லாததை அம்மாவிடம் சொன்னேன். வெடிச் சத்தம் கேட்டு நான் எழுந்தபோது அந்தத் தட்டு சூடாகத்தான் இருந்தது.