விரலை அழுத்திப் பிடித்த சம்பந்தியம்மாவுக்கு

சம்பந்தியம்மா,

இன்று காலை பீர்க்கங்காய் சீவும்போது இடது கட்டைவிரலில் கத்தி இறங்கிவிட்டது. நீங்கள் என் சமையலறையில் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பஞ்சும் மருந்தும் கலந்த அந்த வாசனை வந்ததும் வலி மறந்துபோயிற்று. நீங்களே பக்கத்தில் நின்று, "மொதல்ல பைப்புல கையக் காட்டுங்க" என்று அதட்டியது போல இருந்தது.

நாம் இருவரும் இப்படி ஒட்டிக்கொள்வோம் என்று கல்யாணத்தின்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என் மகளும் உங்கள் மகனும் ஓசூர் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்து, தாங்களே முடிவு செய்த கல்யாணம் அது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்த எனக்கு உங்கள் மத்தூரும் தெரியாது, நீங்கள் வீட்டில் பேசும் தெலுங்கும் புரியாது. பண்டிகைக்கு வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். நானும் பெரிதாக வற்புறுத்தியதில்லை.

பிறகு எனக்கு நெஞ்சு அடைத்தது. பெங்களூருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். மெதுவாக நடக்கத் தொடங்குங்கள் என்றார் டாக்டர். நானா? கட்டிலை விட்டு இறங்கினால் உள்ளே வைத்தது கழன்று விழுந்துவிடும் என்று கிடையாய்க் கிடந்தேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. மகளுக்கு லீவு முடிந்து ஷிப்ட் தொடங்கிவிட்டது. அப்போதுதான் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றீர்கள். "பொண்ணு எடுத்த வீட்டுல சம்பந்தி வந்து தங்குறதா? ஊருல என்ன பேசுவாங்க?" என்று நானே கேட்டேன்.

"பேசறவங்க வந்து உங்களுக்குக் கஞ்சி வெச்சித் தரட்டும், நான் போயிடறன்" என்றீர்கள். யாரும் வரவில்லை, நீங்களும் போகவில்லை. மாந்தோப்பையும் மாடுகளையும் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு அந்த மழைக்காலம் முழுவதும் என்னோடு இருந்தீர்கள்.

உங்களுக்கு எனக்கு முன்பே நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்திருந்தார்கள். ஜாக்கெட்டுக்கு மேலே தெரியும் தழும்பை முந்தானையால் மூடிக்கொள்ளக்கூட மாட்டீர்கள். "இதப் பாருங்க. இத்தோட நான் தோப்புக்குத் தண்ணி கட்டறன். உங்களுக்குத் தையலே இல்ல, அதுக்கே இந்த அலட்டலா?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது, எழுந்தேன். முதலில் கேட் வரை, பிறகு தெருமுனை, பிறகு கம்பெனி பஸ்கள் நிற்கும் இடம் வரை. "பேசிக்கினே நடங்க. பேச்சு வரலன்னா நில்லுங்க" என்பது உங்கள் சட்டம். பேச விஷயமா இல்லை? சாம்பாரில் நீங்கள் உப்புப் போடாததற்கே தினமும் சண்டை போடலாம். நடுநடுவே பால்காரரிடம் கன்னடம், கீரைக்காரம்மாவிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். மூன்றிலும் அதட்டல்தான்! எனக்கு உப்பைக் குறைத்த புண்ணியவதிக்கு, மாங்காய் ஊறுகாயைக் கண்டால் மட்டும் கை தானாக நீளும். ஜாடியை நான் பரணில் ஏற்றினேன். மாட்டிக்கொண்டதும் ஒரு அசட்டுச் சிரிப்பு சிரித்தீர்களே, அதற்காகவே இன்னொரு தடவை கீழே இறக்கி வைக்கலாம் போலிருந்தது.

அந்த நாட்களில்தான் அரிவாள்மனையில் விரலை அறுத்துக்கொண்டேன். காயம் சின்னது, ரத்தம் மட்டும் நிற்கவேயில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? காபித்தூளை அள்ளி அப்பப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்தீர்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கச் சொன்னீர்கள். நான் துணியை விலக்கி விலக்கிப் பார்க்கப் போனேன்.

"சோறு வெந்துச்சான்னு மூடியத் தொறந்து தொறந்து பாக்கறாப்பல பாக்காதீங்க. புடிச்சது புடிச்சபடி இருக்கட்டும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இந்த மாத்திரையே வேண்டாம் சம்பந்தி. நெஞ்சுல தப்பிச்சு விரல்ல சாகவா?" என்று சொல்லி, இன்னொரு கையால் மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பைக்கூடையில் வீசினேன்.

அதுவரை நீங்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "விரல்ல ரத்தம் நிக்கலன்னா துணி வெச்சி அமுத்த நான் இருக்கன். நெஞ்சுல ரத்தம் நின்னுட்டா யாரு இருக்கறாங்க? டாக்டருக்கு போன் போடலாம். அவரு நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க. நீங்களா நிறுத்துனா நான் இப்பவே பஸ் ஏறிடுவன்."

குரல் நடுங்கியது. என்னைவிட நீங்கள்தான் அதிகம் பயந்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் துணியை அழுத்திய கை துளியும் அசையவில்லை. மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று டாக்டர் போனில் கண்டித்துச் சொன்னார். அவர் பேசி முடிப்பதற்குள் ரத்தமும் நின்றிருந்தது. நீங்கள் குப்பையிலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்து என் மடியில் வைத்தீர்கள். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை.

போன மாங்காய்க் காலம் முடிந்த கையோடு நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். சாவு வீட்டில் ஒருத்தி, "ஆபரேசன் பண்ணி, பத்தியம் இருந்து, இவ்ளோ நடந்து என்ன பிரயோசனம்?" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "அந்த ஆபரேஷனுக்கு அப்புறம்தான் மகன் கல்யாணம் பாத்தாங்க. பேரனைத் தூக்கிக் கொஞ்சினாங்க. புதுசா மாங்கன்னு வச்சுக் காயும் பறிச்சாங்க. செத்த பொணமாட்டம் கிடந்த என்னை எழுப்பி நடக்க விட்டாங்க. இன்னும் என்ன பிரயோசனம் வேணும் உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். சாவு வீட்டில் அப்படிப் பேசலாமா என்று என் மகளுக்கு வருத்தம். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. உங்களை மாதிரி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை, அதை எந்த இடத்திலும் சத்தமாகச் சொல்வேன்.

போன வாரம் மகளோடு செக்கப்புக்குப் போனேன். புது டாக்டர், சின்ன வயசுக்காரர். ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கும்மா. வீட்டுல உங்களை யார் பாத்துக்கிறாங்க?" என்று கேட்டார்.

"எங்க சம்பந்தியம்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மகள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

"ரொம்ப நல்லா பாத்துக்கிறாங்க. நான் சொன்னேன்னு அவங்ககிட்டச் சொல்லிடுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன், சம்பந்தியம்மா.