உன் அப்பாவின் பெயரில் சேர்ந்த மேற்கோள்கள்

நேற்று விமானச் சீட்டு எடுக்கப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "சர்நேம் சொல்லுங்கம்மா" என்றாள். அப்படி ஒன்று எனக்கு இல்லை என்றேன். "ஏதாச்சும் ஒண்ணு போட்டாத்தானுங்க மெஷின் எடுத்துக்கும்" என்றாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உன் நினைப்புதான் காரணம்.

எழுபதுகளின் நடுவில் சேலத்துக் கல்லூரியின் இயற்பியல் துறையில் நாம் இரண்டு பெண்களும் ஒன்றாக விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். நான் பாடம் நடத்துவதோடு நின்றுகொண்டேன். எடப்பாடிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த நீயோ, பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகும்போது அதற்குள் வாயு எப்படித் திரண்டு விண்மீன் கூட்டங்களாகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். கணிப்பொறி ஏது? விடைத்தாள் திருத்தும் மேசையில், கையாலேயே போட்ட கணக்கு.

உன் முதல் கட்டுரையை ஏற்றுக்கொண்ட வெளிநாட்டு ஆய்விதழ், உன் பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியலுக்கு விரிவு கேட்டது. அப்பாவின் பெயரை எழுதி அனுப்பினாய். அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு கடைசியில் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். அதை நீ அப்பாவிடம் காட்டியபோது நானும் கூட இருந்தேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, நான் என்னத்தக் கண்டேன்? எம்பேரு எதுக்கு அதுல?" என்றார். சொல்லிவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு போலந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கட்டுரையின் பிரதி கேட்டு அஞ்சலட்டைகள் வந்தன. எல்லாம் அப்பா பெயருக்கு. இப்படி ஓர் ஆள் நம் துறையிலேயே இல்லை என்று துறைத்தலைவர் ஒன்றைத் திருப்பியே அனுப்பிவிட்டார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். என்ன சிரிப்பு வேண்டிக்கிடந்தது?

எண்பதுகளில் வெளியூர் ஆய்வு நிறுவனம் ஒன்று உன்னை நேர்காணலுக்கு அழைத்தது. துணைக்கு நானும் வந்தேன். யார் கட்டுரையை யார் எடுத்தாண்டார்கள் என்று ஆண்டுதோறும் அச்சாகும் மேற்கோள் அட்டவணையில் உன் பெயரைத் தேடியிருக்கிறார்கள். ஒரு வரிகூட இல்லை. ஒருவரும் சீண்டாத ஆய்வு என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா பெயரில் பாருங்கள் என்று நீ கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை.

வெளியே வந்த நீ நேராக அங்கிருந்த நூலகத்துக்குப் போனாய். அப்பா பெயருக்குக் கீழே மேற்கோள்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. நூலகர் கத்தக் கத்த அந்தத் தடிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தாய். நேர்காணல் குழுத் தலைவரின் தட்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தாய். அவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஆமாம், நல்ல வேலைதான் பண்ணியிருக்கீங்க. ஆனா முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சே. அடுத்த தடவை பேரை ஒழுங்காப் போட்டுக்கிட்டு வாங்கம்மா."

தயிர்ச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

ரயிலில் நான்தான் பொருமிக்கொண்டே வந்தேன். சேலம் நெருங்கும்போதுதான் நீ சொன்னாய்: "எங்கய்யங்கிட்ட மட்டும் சொல்லிப்போடாத. அவரு பேராலதான் எனக்கு வேல போச்சுன்னு மனசொடஞ்சு போயிருவாரு."

அதற்குப் பின் வந்த கட்டுரைகள் உன் பெயரிலேயே வரும்படி பார்த்துக்கொண்டாய். அதுவும் வினையாயிற்று. உன் உழைப்பு இரண்டு பெயர்களுக்குப் பிரிந்து, இரண்டுமே பார்க்கிறவர்களுக்குச் சின்ன ஆளாகத் தெரிந்தது. அடுத்த நிறுவனமும் கையை விரித்தது. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது நீ நம் கல்லூரியில் விரிவுரையாளராகவேதான் இருந்தாய்.

காரியமெல்லாம் முடிந்து, உன் புத்தகங்களை எடுத்துப்போக அப்பா கல்லூரிக்கு வந்தார். கட்டி வைத்த மூட்டை மேல் கையை வைத்தபடி கேட்டார்: "அந்த வேலைய ஏன் குடுக்கலீன்னு அவ கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலீங்க அம்மிணி. உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியலீங்க" என்றேன்.

இப்போது அவரும் இல்லை. இனி உரக்கச் சொல்லலாம். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வயசாகிறது, அதையெல்லாம் விட்டுத் தள்ளு என்கிறார்கள் வீட்டில். முடியாது. நீ ஒரு வார்த்தை பேசாமல் விழுங்கிய கோபத்தைச் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன். அதை ஆறவிடுவதாக இல்லை.