நான்கு சொல்லும் ஒரு காலிப் பெட்டியும்

டிசம்பர் 28, லோஹா
இன்றும் அதே பாடம். ட்ராவல் என்றால் பொதுவாகப் பயணம். ட்ரிப் என்றால் போய்விட்டுத் திரும்புவது. ஜர்னி என்றால் நீண்ட வழி. வாயேஜ் என்றால் கப்பல். பத்தொன்பது வருடமாகச் சொல்லித் தருகிறேன். மாரிபெல் கேட்டாள்: "டீச்சர், நீங்க இதுல எதெல்லாம் போயிருக்கீங்க?" கரும்பலகை பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒருமுறை உள்நாட்டிலேயே குயெங்கா நகரத்துக்குக் கல்யாணத்துக்குப் போனேன், பஸ்ஸில் வழியெல்லாம் வாந்தி. அதை எந்தச் சொல்லில் சேர்ப்பது?

டிசம்பர் 30
பார்படோஸில் ஆங்கில ஆசிரியர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி. எங்கள் பள்ளிக்கு ஒரே இடம். நானும் ஃபௌஸ்தோவும் மனுப் போட்டிருக்கிறோம். ஃபௌஸ்தோ மயாமியில் எட்டு மாதம் தட்டு கழுவியவர். ட்ரிப்புக்கும் ஜர்னிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் ஒர்த்தென்சியா, போனவங்களுக்குத் தெரியும்" என்கிறார். அப்பேர்ப்பட்ட மேதை.

ஜனவரி 1
நேற்று இரவு பன்னிரண்டு அடித்ததும் வழக்கம்போல் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி ஓடினேன். அப்படி ஓடினால் அந்த வருடம் வெளிநாட்டுப் பயணம் வாய்க்குமாம். ஊரே ஓடுகிறது, ஊருக்கு வாய்க்கிறது. பக்கத்து வீட்டு சொய்லா பெட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.
"ஏன்டி, காலிப் பெட்டியோடயா வருஷா வருஷம் ஓடுற? மேல இருக்கிறவருக்குக் கண்ணு தெரியாதா? துணிமணி வச்சுல்ல ஓடணும்!"
இருபத்திரண்டு வருடம் கழித்துச் சொல்கிறாள். நல்ல தோழி.

ஜனவரி 2
கிண்டல் போதும். இந்த இடம் எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும்.

ஜனவரி 19
நேர்காணல். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதல் கேள்வியே, நான் போன மறக்க முடியாத பயணம் எது என்று. பாரிஸ் என்று அளந்துவிடலாமா? வாயில் வந்தது பெட்டிதான். ரொட்டிக்கடை முக்கில் நாய் துரத்தியது, செருப்பு அறுந்தது, ஒவ்வொரு வருடமும் புறப்பட்ட வாசலுக்கே வந்து சேர்ந்தது... எல்லாம் சொன்னேன். மூவரில் ஒருவரான பார்படோஸ்கார அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து கழிவறையில் நின்று அழுதேன். இப்படியா ஒருத்தி தன் மானத்தைத் தானே கப்பலேற்றுவாள்?

ஜனவரி 20
சொய்லாவிடம் சொன்னேன். "அடிப்பாவி, அதையா போய்ச் சொன்ன? ஃபௌஸ்தோ மயாமியச் சொல்லியிருப்பான்." சொல்லியிருப்பார். தட்டுகளை விட்டுவிட்டு.

பிப்ரவரி 9
தேர்வானவர் பட்டியலில் என் பெயர். மூன்று முறை படித்துப் பார்த்தேன், வேறு ஒர்த்தென்சியாவோ என்று. ஃபௌஸ்தோ கை கொடுத்தார். "போயிட்டு வந்து சொல்லுங்க." குரலில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 3
நாளை காலை விமானம். பெட்டியில் துணி, புத்தகம், சொய்லா திணித்த இரண்டு பொட்டலம் காப்பித்தூள். தூக்கினேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாகக் காற்றைத் தவிர எதையும் சுமக்காத பெட்டி, பாவம், அது என்ன செய்யும். சொய்லா தன் துணிக்கொடியை அவிழ்த்து எடுத்துவந்து சுற்றிக் கட்டுகிறாள்.
"அழாதடி, முடிச்சு விழ மாட்டேங்குது."
நான் அழவில்லை. அவள்தான் அழுகிறாள்.