இரண்டாம் குழியின் மூலையில் இருந்த கரணை

அனுப்புநர்:
எட்வின் மில்பர்ன்,
ஆலை வீடு, கார்வல்பர்ன்,
நார்தம்பர்லாந்து.

பெறுநர்:
உயர்திரு தொல்சின்னப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
வடக்கு வட்ட அலுவலகம்.

பொருள்: கார்வல்பர்ன் ரோமானியக் கோட்டை அகழாய்வு – இரண்டாம் குழியிலிருந்து என் மனைவியின் கரணை எடுக்கப்பட்டது – வெள்ளிக்கிழமை குழி மூடப்படும் முன் அதே இடத்தில் திரும்ப வைக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: அகழாய்வு இயக்குநர் டாக்டர் பிலிப்பா ஹெஸ்லாப் செவ்வாய்க்கிழமை தேநீர் இடைவேளையில் வாய்மொழியாகச் சொன்ன மறுப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அகழாய்வில் மெட்டல் டிடெக்டரோடு நடக்கும் தன்னார்வலன் நான். கருவி சத்தம் போடும் இடத்தில் சிறு கொடி ஒன்றை நட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தோண்டுவது தொல்லியலாளர் வேலை. இந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. தாங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

2. என் கொடிகளைத் தோண்டி வந்தவர் தொல்லியலாளரான என் மனைவி ரோவீனா. கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான். நான் நட்டுக்கொண்டே போவேன், அவள் மண் சுரண்டும் கரணையோடு முழங்காலில் நகர்ந்துகொண்டே பின்னால் வருவாள். இந்தக் கோட்டையில் கிடைப்பதில் பெரும்பகுதி ரோமானியச் சிப்பாய்களின் செருப்பாணிகள் என்பது தாங்கள் அறிந்ததே. "இந்தப் பயலுக செருப்பக் கழட்டவே மாட்டானுங்களா?" என்று தினம் ஒருமுறையாவது கத்துவாள். "ஏய்யா எட்வின், தங்கம்னு ஒண்ணு இருக்கறத உன் மெஷினுக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்பதும் உண்டு. மனுவுக்கு இது தேவையில்லைதான். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

3. சென்ற ஆண்டு ஜூலையில், அகழாய்வு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் இறந்தாள். மாரடைப்பு. சாம்பலைக் கடலில் கரைத்துவிடலாமா என்று அவள் அண்ணன் கேட்டார். சரி என்றேன். அன்று யார் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆகையால் அவளுக்குக் கல்லறை கிடையாது. அடுத்த வாரமே நான் குழிக்குத் திரும்பினேன். என் கொடிகளை வேறு யாரோ தோண்டினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்றுவரை பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது ஆத்திரத்தில் எழுதிய மனு என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது.

4. குழி மூடும் நாளில் அந்த ஆண்டின் நாணயம் ஒன்றை அடியில் வைத்துவிட்டு மண் தள்ளுவது எங்கள் வழக்கம். பின்னாளில் தோண்டுகிறவர் அதைக் கண்டதும், இந்த ஆழம்வரை முன்பே ஆள் வந்து போயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார். எங்கள் குழியில் நாணயம் வைப்பது எப்போதும் ரோவீனாதான். சென்ற ஆண்டு அப்போதைய இயக்குநர் திரு கில்பர்ட் ஸ்டோரி அதை என் கையில் கொடுத்தார். இரண்டாம் குழியின் வடக்கு மூலையில் வைத்தேன். பக்கத்தில் அவளுடைய கரணையையும் வைத்தேன். திரு ஸ்டோரி பார்த்தார். "வைங்க எட்வின். நான் அந்தப் பக்கம் ஆடு மேயறதப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று திரும்பிக்கொண்டார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கேட்டால் மறுக்க மாட்டார்.

குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் வேலிக்கு வெளியே நின்று, அந்த மூலையைப் பார்த்தபடி ஃபிளாஸ்கில் கொண்டுபோன தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். போய் நிற்பதற்கு எனக்கு இருந்த இடம் அது ஒன்றுதான்.

5. கோட்டைக்குள் சிப்பாய்கள் தங்கிய கட்டடத்தின் சுவர் எதுவரை போகிறது என்று பார்ப்பதற்காக இந்த ஆண்டு அந்த மூலையை மறுபடி திறந்தார்கள். அன்று நான் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். நாணயத்தோடு கரணையையும் எடுத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். புதிய குழுவினர் நாணயத்தை மரியாதையோடு எடுத்து, மூடும்போது திரும்ப வைக்க வேண்டும் என்று ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தினார்கள். கரணையை, போன வருடத்து ஆள் யாரோ மறந்து விட்டுப்போனது என்று நினைத்தார்கள். ஒவ்வொரு வருடமும் அப்படி ஏதாவது கிடைக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. துருவைத் தேய்த்து, கைப்பிடியில் அவள் சுற்றியிருந்த நீல டேப்பை உரித்துவிட்டு, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் வாளியில் போட்டுவிட்டார்கள். நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

6. நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, நான் ஒரு கொடி நட்டேன். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர், பல் மருத்துவர் திருமதி கார்லா டெய்ட், வாளியிலிருந்து எடுத்த கரணையால் மண்டியிட்டுத் தோண்டினார். "யாரோ எடக்கை ஆளோடது போல இது. ஒரு பக்கமாவே தேஞ்சு கெடக்கு, மண்ணெல்லாம் எம் மடியில வந்து விழுது" என்று அலுத்துக்கொண்டார். குனிந்து பார்த்தேன். ரோவீனா இடக்கைக்காரி. கல்லில் பட்டு அவள் உடைத்துக்கொண்ட முனையும் அப்படியே இருந்தது. நான் கருவியை அணைக்கவில்லை. அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. திருமதி டெய்ட் தோண்டி முடித்தார். செருப்பாணி. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தேன். இடைவேளை வரும்வரை வேலை செய்தேன். ஒரு இடத்தையும் தவறவிடவில்லை.

7. இடைவேளையில் டாக்டர் ஹெஸ்லாப்பிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது: "எட்வின், எங்க யாருக்குமே தெரியாதுங்க. ரொம்பக் கஷ்டமா இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா பாதுகாக்கப்பட்ட மண்ணுக்குள்ள தெரிஞ்சே இரும்பைப் புதைக்க நான் விட முடியாது. ஆய்வாளர் சரின்னு சொன்னா எனக்குச் சரி." அவர் நல்லவர். அவர்மேல் புகார் சொல்வது என் நோக்கமல்ல. யார்மேல் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை.

திருமதி டெய்ட் கரணையைத் தன் சட்டையிலேயே துடைத்து என்னிடம் நீட்டினார். எனக்குக் கை எழவில்லை. அது இப்போது கருவிக் கொட்டகையில் ஜன்னலோரம் இருக்கிறது.

8. வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு விருப்பமில்லை. அங்கே அவளுடைய ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, மூக்குக்கண்ணாடி எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கின்றன. இன்னொன்று வேண்டாம். அது இருக்க வேண்டிய இடம் அந்த மூலை. பின்னால் தோண்டுகிறவர்கள் குழம்பிப்போவார்கள் என்ற கவலையும் வேண்டியதில்லை. கரணையின் கழுத்தில் ஷெஃபீல்டு என்று ஊர்ப் பெயர் அச்சிட்டிருக்கிறது. ரோமானியர் யாரும் ஷெஃபீல்டு கடையில் கரணை வாங்கியதாகத் தெரியவில்லை. மேலும், நாணயமும் உலோகம்தான். அதை வைக்க இதுவரை ஒருவரும் அனுமதி கேட்டதில்லை. இங்கே முன்பே ஆள் வந்து போனார்கள் என்று சொல்லத்தானே நாணயம்? ரோவீனா வந்து போனாள். கரணையும் அதைத்தான் சொல்கிறது.

9. ஆகவே, வெள்ளிக்கிழமை மண் தள்ளும் முன் அந்தக் கரணையை இரண்டாம் குழியின் வடக்கு மூலையில், நாணயத்தின் பக்கத்தில் வைக்க உத்தரவிடும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நான் மண்ணைத் தொட மாட்டேன். டாக்டர் ஹெஸ்லாப்போ திருமதி டெய்ட்டோ வைக்கட்டும். நீல டேப் மட்டும் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன், சுற்றிக் கொடுத்துவிடுவேன்.

இன்னும் ஒன்று. முதல் சாண் மண் விழுந்ததும், ஒரே ஒருமுறை, கருவியை அந்த இடத்தின் மேல் பிடித்துப் பார்க்கவும் அனுமதி வேண்டும். சத்தம் கேட்டால் போதும். கொடி நடாமல் திரும்பிவிடுவேன்.

தங்கள் பதில் எதுவானாலும் கட்டுப்படும்,

எட்வின் மில்பர்ன்
(ஒப்பம்)

இடம்: கார்வல்பர்ன்
நாள்: ஆகஸ்ட் 20, புதன்கிழமை