உனக்காக அல்ல, அந்த வேனுக்காக

நான் வாய் மூடி இருந்தது போதும். நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் பேசக்கூடாது என்றிருந்தேன். நீ போன பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருப்பதில் ஒரு பொருளும் இல்லை. இன்று காலை முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அந்தக் காரமான வாசனையோடு நீயும் வந்து நின்றாய். பத்துமலைக்குப் போகும் வழியில், காவடியின் பாரத்தோடு நான் நின்ற இடத்திலேயே நீ குனிந்து, என் கெண்டைக்காலில் இதே தைலத்தைத் தேய்த்துவிட்டாய். அப்போது நமக்கு இருபது வயதுக்குச் சற்று மேல்.

நல்லதை முதலில் எழுதினால் நீ தப்பித்துக்கொள்வாய். ஆகவே மற்றதை எழுதிவிடுகிறேன். கிள்ளானில் நாம் சேர்ந்து தொடங்கிய மன்றத்துக்கு நான் செயலாளர், நீ தலைவர். பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பு நடத்த இடம் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கியது நான். அந்த ஆண்டுக்கூட்டத்தில் நீ எழுந்து, "ஐயா நல்லவருதான். ஆனா ஐயா வாய்க்குப் பயந்துக்கிட்டே ஆளுங்க மன்றத்துப் பக்கம் வரமாட்டேங்கிறாங்க" என்றாய். பிறகு என்னை நீக்க முதல் கையைத் தூக்கினாய். பள்ளிக்கூட நாள் முதல் என்னை 'டா' போட்டே கூப்பிட்டவன் நீ. பதவி போனதை ஒருவேளை மறப்பேன். அந்த 'ஐயா'வை மறக்கமாட்டேன்.

சில வருடங்கள் கழித்து உன் சிறுநீரகம் பழுதாகி, என் அக்கா போகும் அதே தொண்டு நிலையத்துக்கு நீயும் வந்து சேர்ந்தாய். டயாலிசிஸுக்கு அவளுக்கு அடுத்த நாற்காலியை உனக்குக் கொடுத்தார்கள். அவளை அழைத்துப்போக வரும்போதெல்லாம் நான் காரை விட்டு இறங்கமாட்டேன். நீ சொல்லி அனுப்பியதை அவள் காரில் ஏறி உட்கார்ந்ததும் ஒப்பிப்பாள். நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவேன். கடைசியாகச் சொல்லி அனுப்பியதை மட்டும் கேட்டேன். நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிவரும் பழைய வேன் நடுரோட்டில் நின்றுபோகத் தொடங்கியிருந்த சமயம் அது.

"அவன் வாய் இன்னும் அப்படியேதான் இருக்கா? இருந்தா நல்லது லா. புது வேனுக்கு நாலு பேருகிட்ட போய்க் கேக்க அந்த வாய்தான் வேணும்."

அக்கா அதை உன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். அடுத்த மாதம் நீ இல்லை. கொஞ்ச நாளில் வேனும் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

புது வேனுக்கு நிதி திரட்ட, கோலாலம்பூரில் நடக்கும் மாரத்தானில் ஆட்களை ஓடவிடலாம் என்று நிலையத்தில் யோசனை சொன்னார்கள். நோயாளிகளின் வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டு, யார் ஓடுகிறீர்கள் என்று தாதி கேட்டார். எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சரி என்றேன். "நீயா? பஸ்ஸைப் பிடிக்கவே ஓடமாட்டே லா" என்றாள் அக்கா. அது உண்மைதான். ஐம்பது வயதைத் தாண்டியவன், மாடிப்படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிறவன். ஆனாலும் நீ கேட்ட வாயை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துணிக்கடை, நகைக்கடை, பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடை என்று ஒன்றையும் விடவில்லை. நம் மன்றத்துக்காரர்களிடமும் கேட்டேன். ஓடி முடித்தால் தருகிறோம் என்றார்கள். முடிக்கமாட்டேன் என்ற தைரியத்தில் பெரிய தொகையாகவே சொன்னார்கள். மற்றவர்களும் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டார்கள். ஆக, நான் முடித்தால் வேன் வரும். பாதியில் உட்கார்ந்தால் வராது.

பயிற்சியை நான் விரதமாகவே எடுத்துக்கொண்டேன். உடம்பை வருத்தி ஒன்றை முடிக்க நமக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதானே. சைவம், ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய். காவடிக்கு அது போதுமாக இருந்தது, தேரோடு வெறுங்காலில் நடப்பதற்கும் போதுமாக இருந்தது. மாரத்தானுக்கு மட்டும் ஏன் போதாது என்று நினைத்தேன். முதல் நீண்ட ஓட்டத்திலேயே, ஷா ஆலாம் ஏரிக்கரையில் கண் இருட்டிப் புல்லில் சாய்ந்துவிட்டேன். அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் மணியத்தை அனுப்பினாள். அவருடைய மனைவியும் நிலையத்தில் நோயாளிதான். அவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்துவிட்டு, நான் கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அண்ணே, முருகனுக்கா ஓடுறீங்க? வேனுக்குத்தானே ஓடுறீங்க. வேன் விரதம் கேக்கல. சாப்பிட்டுட்டு ஓடுங்கண்ணே."

அன்று மாலை, இது எனக்கு ஆகாது, நிலையத்தில் சொல்லிவிடப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். மறுநாள் டயாலிசிஸ் முடிந்து வந்து காரில் ஏறியவள், கையில் ஒட்டியிருந்த பஞ்சை அழுத்திக்கொண்டே பேசினாள். "இன்னைக்கு ரெண்டு நாற்காலி காலிடா. செத்துப்போனவங்க இல்ல. வர்றதுக்கு வண்டி இல்லாதவங்க."

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மணியம் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் காரை மெல்ல ஓட்டினார். நோயாளிகள் கால் வைத்து ஏறுவதற்காகப் பழைய வேனில் ஒரு ஸ்டூல் இருந்தது. இப்போது அது அவர் காரில் இருக்கிறது. நான் தள்ளாடுகிறேன் என்று தெரிந்தால் காரை ஓரம் கட்டி, ஸ்டூலை இறக்கி, அதன் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு நிற்பார். போன வாரம்தான் எல்லாவற்றிலும் நீளமான ஓட்டம். தொடை கல்லாகிவிட்டது. ஸ்டூலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடலாம் என்று பாட்டிலை எடுத்தேன்.

அப்போதுதான் நீ நினைவுக்கு வந்தாய். காவடி எடுத்தவன் இளைப்பாற முக்காலி சுமந்து வருகிறவன், கேட்டபோது அதைக் கீழே வைப்பான். எனக்குச் சுமந்து வந்த நீ வைக்கமாட்டாய். அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடியே பின்புறமாக நடந்துகொண்டிருப்பாய். "உக்காந்தா அப்புறம் எந்திரிக்கமாட்டேடா. அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் வா, பாப்போம்." கம்பம் வந்தால் அடுத்த கம்பத்தைக் காட்டுவாய். வேண்டுதலில் இருக்கிறவன் பேசக்கூடாத வார்த்தைகளையெல்லாம் நான் பேசினேன். நீ சிரித்துக்கொண்டே பின்னால் பின்னால் போனாய்.

தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு ஓடினேன். "அண்ணே, ஸ்டூலு சும்மாதான் இருக்கு" என்று மணியம் பின்னாலிருந்து கூப்பிட்டார். இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன். அன்றைய தூரத்தை முடித்துவிட்டேன்.

இதைப் படித்து, உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கூட்டத்தில் கையைத் தூக்கியது நீ. முக்காலியைத் தராமல் என்னை மலையடிவாரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நீ. இரண்டும் ஒரே ஆள் என்பதை ஏற்க எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது இருக்கும்போதே ஓடவும் முடிகிறது.

வரும் ஞாயிறு மாரத்தான். அன்றைக்குச் சாலையை மூடிவிடுவார்கள். மணியம் காரை ஓட்ட முடியாது. எனக்கு முன்னால் போக ஓர் ஆள் வேண்டும். நீ போ. நான் வந்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.

உறையில் உன் பெயரையும் உன் வீட்டு முகவரியையும் எழுதிவிட்டேன். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவிதான் இதைப் பிரிப்பாள். இரண்டாம் பத்தி வருவதற்குள் யார் எழுதியது என்று தெரிந்துகொள்வாள். ஆனால் கீழே என் பெயர் இருந்தால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும், என்னைச் சாப்பிட அழைக்க வேண்டியிருக்கும், உன் படத்துக்கு எதிரே நான் போய் உட்கார வேண்டியிருக்கும். அவ்வளவு தூரத்துக்கு நான் இன்னும் பழகவில்லை. கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.