கணுக்காலில் ஒரு வெள்ளிக் காசு

மேக்கன், ஜார்ஜியா
ஆகஸ்ட் 1966

அன்புள்ள தம்பி லூஷியஸுக்கு,

அக்கா ஒடெஸா எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் அம்மா நலமாக இல்லை.

உன் கடிதம் வந்தது. அம்மாவின் உடம்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அவள் கணுக்காலில் கட்டியிருக்கும் பத்து சென்ட் காசைப் பற்றி ஒரு பக்கம்! 1916ஆம் வருடத்துக் காசா, பின்பக்கம் பொடியாக ‘டி’ எழுத்து இருக்கிறதா, இருந்தால் உடனே அனுப்பு, டெட்ராய்டில் சேகரிப்பவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள் என்கிறாய். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இருக்கிறது.

காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்த அச்சை நாணயக் கடை ஹாஸ்கலிடம் காட்டினேன். ‘டி’யைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நூல் கோத்திருக்கும் ஓட்டையைக் கண்டதும் தொங்கிப்போனது. அடப்பாவமே, யாரும்மா இதுல ஆணி அடிச்சது, ஓட்டை மட்டும் இல்லேன்னா பழைய கார் ஒண்ணு வாங்கிருக்கலாமே, இப்ப இருபது டாலரே பெரிசு என்றார்.

அடித்தது அப்பா. நீ பிறந்து மூச்சுக்குத் திணறிய வாரம், வீட்டிலிருந்த ஒரே வெள்ளிக் காசில் ஓட்டை போட்டு, தீங்கு அண்டாமலிருக்கத் தாயத்தாக உன் காலில் கட்டினார். வடக்கே டெட்ராய்டுக்குக் கிளம்பிய அன்று, பஸ் நிலையத்தில் நீதான் அதைக் கழற்றி அம்மா காலில் கட்டினாய். நான் வந்து அவுக்கிற வரைக்கும் இருக்கட்டும்மா என்று சிரித்தாய். பதினோரு வருடம் ஆகிவிட்டது.

இப்போது அந்தக் கால் வீங்கி, நூல் சதைக்குள் இறங்கிவிட்டது. உடனே எடுக்காவிட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் கத்துகிறார். கத்தரிக்கோலோடு வந்த நர்ஸை அம்மா உதைத்துவிட்டாள். கட்டுனவன் வந்து அவுக்கட்டும்டி, இல்லேன்னா என்னோட சேத்துப் புதைச்சிருங்க என்கிறாள். நேற்று மத்தியானம் அவள் தூங்கும்போது நானே வெட்டப் போனேன். கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

இத்துடன் இருபது டாலர் வைத்திருக்கிறேன். காசை விற்றாகிவிட்டது என்று நினைத்துக்கொள். பஸ்ஸுக்குப் போதும்.

கர்த்தர் உன்னை வழியில் காக்கட்டும். சீக்கிரம் வா.

உன் அக்கா,
ஒடெஸா